டிராக் டேக்குப் பிரேக்: முழு கிட்டா, பேடும் ஆயிலும் போதுமா?

பந்தயத் தடத்தில் நம் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் டிராக் டேக்குக் காரைத் தயார் செய்யும்போது முதல் பணம் பிரேக்குக்குத்தான் போக வேண்டும். இதில் ஓட்டுகிறவர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. சண்டை அடுத்த கேள்வியில்தான். பெரிய டிஸ்க்கும் ஆறு பிஸ்டன் காலிப்பரும் கொண்ட முழு கிட்டை வாங்கி மாட்டுவதா, அல்லது காரோடு வந்த காலிப்பரையே வைத்துக்கொண்டு பேட், பிரேக் ஆயில், அது போகும் ஹோஸ், காற்றுக்குழாய் இவற்றை மட்டும் மாற்றுவதா? (டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு. பேட் என்ற உராய்வுக் கட்டைகளைப் பிஸ்டனால் தள்ளி அந்தத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் கவ்விதான் காலிப்பர்.)

நான் இரண்டாவது வழியில் போனவன். இரண்டு வருடமாக அதில்தான் ஓட்டுகிறேன். என் நண்பர் அதே மாடல் காரில் கிட் போட்டிருக்கிறார். அவர் காரை இரண்டு நாளில் ஐந்து செஷன், அதாவது தடத்தில் ஐந்து முறை இறங்கி, ஓட்டிப் பார்த்தேன். ஆகவே என் பக்கத்தைப் பற்றி எழுதுவது கையாலும் காலாலும் தெரிந்தது. அவர் பக்கத்தில் பாதி அவர் சொல்லக் கேட்டது.

இந்த யோசனை ஒரு பயத்தில் தொடங்கியது. என் முதல் டிராக் டே, மூன்றாவது செஷன், நீளமான நேர்ப்பாதையின் முடிவு. வழக்கமாக மிதிக்கும் இடத்தில் மிதித்தேன். பெடல் தரைவரை போய்விட்டது. காலை எடுத்து வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்தபோது கொஞ்சம் பிடித்தது. கியரைக் குறைத்துக்கொண்டு, வளைவில் திருப்ப முயலாமல் நேராக ஜல்லிப் பரப்பில் இறங்கி நின்றேன். பக்கத்தில் இருந்த பயிற்றுநர் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, ஆயில் எப்ப மாத்தினீங்க?” கார் வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒருமுறைகூட மாற்றியதில்லை.

பேச்சில் ஆயில் என்றாலும் அது எண்ணெய் இல்லை. கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகைத் திரவம். காற்றில் உள்ள ஈரத்தை மெதுவாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்தின்படி புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் நீர் கலந்த பிறகு கேட்கப்படும் அளவு 155 டிகிரிதான். காலிப்பருக்குள் அந்தச் சூடு வந்ததும் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நம் காலின் அழுத்தம் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

இன்னொரு வகைக் கோளாறும் உண்டு. பெடல் கல்லு மாதிரி கெட்டியாக இருக்கும், கார் மட்டும் நிற்காது. அது பேட் சூடேறித் தன் பிடிப்பை இழந்தது. பெடல் தொய்ந்தால் ஆயில், கெட்டியாக இருந்தும் நிற்காவிட்டால் பேட்: காசை எங்கே போடுவது என்று இதை வைத்தே முடிவு செய்யலாம்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். பார்வைக்குக் கிட்தான் அழகு, அதில் பேச ஒன்றுமில்லை. நிற்கும் தூரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இப்போதுள்ள பிரேக்கே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால், ஒரே ஒரு முறை அழுத்தி நிறுத்துவதில் எல்லை போடுவது டயர். டிஸ்க்கைப் பெரிதாக்கி அந்தத் தூரத்தைக் குறைக்க முடியாது. கிட்டின் உண்மையான பலம் பத்தாவது முறையும் முதல் முறைபோலப் பிடிப்பதில் இருக்கிறது. அதாவது சூட்டைத் தாங்குவதில்.

அந்தச் சூடு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். ஆளோடு 1,200 கிலோ எடையுள்ள கார் 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்கு வந்தால் ஏறக்குறைய 890 கிலோஜூல் வெப்பமாக மாறுகிறது. அதில் 70 சதவீதம் முன்பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 7 கிலோ இரும்பு என்றால், ஒரே அழுத்தலில் அவை 95 டிகிரி வரை ஏறும். 10 கிலோ டிஸ்க்காக இருந்தால் ஏற்றம் 70-ஐத் தாண்டாது. லேப்புக்கு, அதாவது தடத்தின் ஒரு சுற்றுக்கு, மூன்று நான்கு பெரிய பிரேக், அப்படி எட்டு லேப் என்று பார்த்தால் இந்த வித்தியாசம் சின்னதல்ல. இந்த இடத்தில் கிட் ஜெயிக்கிறது, தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் காருக்கு அவ்வளவு தேவையா என்று அளந்து பார்க்க ஒரு சுலபமான வழி இருந்தது. டிஸ்க்கின் வெளி விளிம்பில் மூன்று கோடாகப் பூசும் வெப்பப் பெயிண்ட் கிடைக்கிறது. பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-லும், சிவப்பு 610-லும் நிறம் மாறும். டிராக் பேட் போட்ட முதல் நாள், செஷன் முடிந்து வீலைக் கழற்றிப் பார்த்தால் பச்சையும் ஆரஞ்சும் வெளுத்திருந்தன, சிவப்பு அப்படியே இருந்தது. ஆக டிஸ்க் 560-ஐத் தாண்டியிருக்கிறது, 610-ஐத் தொடவில்லை. சாலைக்கான சாதாரண பேட் அந்தச் சூட்டில் கைவிட்டுவிடும். நல்ல டிராக் பேட்டுக்கு அது வேலை செய்யும் எல்லைக்குள்தான். அப்புறம் முன்பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்று போக மூன்று அங்குலக் குழாய் பொருத்தினேன். அடுத்த முறை பூசிய ஆரஞ்சு வெளுக்கவில்லை. குழாய் சக்கரம் முழுதாகத் திரும்பும்போது டயரில் உரசாமல் கட்டுவதற்கு மட்டும் ஒரு நாள் ஆனது.

இரண்டு பக்கமும் சூட்டைச் சமாளித்துவிட்டது என்றால் முடிவு எதில்? என்னைப் பொறுத்தவரை பராமரிப்பில். டிராக் டே என்பது ஒரு நாள் கூத்து அல்ல. முந்தின வாரமும் அடுத்த வாரமும் சேர்ந்ததுதான்.

என் காலிப்பர் ஒற்றை பிஸ்டன், வழுக்கிக்கொண்டு நகரும் வகை. கீழே இருக்கும் ஒரு போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேட் கையோடு வந்துவிடும். பிஸ்டனை உள்ளே தள்ள ஒரு ஜி கிளாம்ப் போதும். தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் ஏறுவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வழிந்து பெயிண்டில் பட்டால் அரித்துவிடும். பக்கத்துக்கு இருபது நிமிடம். டிராக் பேட் குளிரில் சரியாகப் பிடிக்காது, கிறீச்சிடும், அதன் தூள் வீலில் ஒட்டித் துருவாகும். அதனால் சாலைக்கு ஒரு செட், டிராக்குக்கு ஒரு செட் என்று வைத்திருக்கிறேன். பேட்டின் கலவை டிஸ்க்கில் மெல்லிய படலமாகப் படியும், ஒன்றின் படலம் இன்னொன்றோடு ஒத்துப்போகாமல் பெடல் அதிரும் என்பதால் டிஸ்க்கும் இரண்டு ஜோடி. சாதாரண ஒற்றை வார்ப்பு டிஸ்க், உதிரிபாகக் கடையில் கேட்டால் அன்றே கிடைப்பது. இதில் ஒரு விஷயத்தை யாரும் விட்டுவிடக் கூடாது: பேட் மாற்றியதும் காரை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். பிஸ்டன் உள்ளே தள்ளியே இருக்கிறது. முதல் மிதிக்கு ஒன்றுமே பிடிக்காது.

நண்பரின் கிட்டில் டிஸ்க் இரண்டு துண்டு, நடுவில் அலுமினியம், வெளியே இரும்பு வளையம். வளையம் தேய்ந்தாலோ விரிசல் விட்டாலோ அதை மட்டும் மாற்றலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வளையம் தருவித்துத்தான் வர வேண்டும், ஒருமுறை அது வராததால் இரண்டு டிராக் டேயை விட்டார். பந்தயத்துக்கென்று செய்த அவருடைய காலிப்பரில் பிஸ்டனைச் சுற்றித் தூசு மறைப்பு ரப்பர் இல்லை. தினமும் சாலையில் ஓடும்போது மண்ணும் ஈரமும் உள்ளே போய் ஒரு பிஸ்டன் இறுகிப்போனது, பிரித்து சீல் மாற்றினார். அந்த ரப்பரோடு வரும் கிட்டுகளும் உண்டு, வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது. கிட் உள்ளே அடங்க வீலைப் பெரிதாக்க வேண்டியிருந்தது, அதோடு டயர் அளவும் மாறியது.

இன்னொன்று, முன்பின் சமன். முன் காலிப்பரின் பிஸ்டன் பரப்பு கூடினால் பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் அதிக ஆயிலைத் தள்ள வேண்டும், பெடல் நீளமாகப் போகும். முன்பக்கம் மட்டும் பலமாகி, பின்பிரேக் தன் பங்கைச் செய்யும் முன்பே முன்டயர் எல்லைக்கு வந்துவிட்டால் நிற்கும் தூரம் கூடக்கூடும். அந்த மாடலுக்கென்றே கணக்குப் பார்த்துச் செய்த கிட்டில் இந்தத் தொல்லை இருக்காது. நண்பருடையது அப்படிப்பட்டதுதான். பெடலும் என்னுடையதைவிட உறுதி, கால் நுனியால் அளந்து விட முடிகிறது. என் பேட் ஒரு ஓரம் அதிகமாகச் சாய்ந்து தேய்கிறது. அவருடையது சமமாகத் தேய்கிறது. அந்தப் பெடலுக்காக மட்டும் நான் இன்றும் ஏங்குவதுண்டு.

என் கார் லேசானது, டயர் சாலை டயர். 1,600 கிலோவுக்கு மேல் கனமான, சக்தி மிகுந்த கார் வைத்திருப்பவருக்கும், பள்ளம் குறைந்து பிடிப்பு மிகுந்த செமி ஸ்லிக் டயர் போட்டு இன்னும் தாமதமாகப் பிரேக் பிடிப்பவருக்கும் என் முடிவு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். காற்றுக்குழாய், நல்ல பேட் எல்லாம் போட்டும் சிவப்புக் கோடு வெளுக்கிறது, டிஸ்க்கில் விரிசல் ஓரத்தைத் தொடுகிறது என்றால் பெரிய கிட்டுக்குப் போவதுதான் சரி.

எந்த வழியானாலும் ஆயில் ஒன்றுதான். புதிதாக இருக்கும்போது 300 டிகிரிக்கு மேல் தாங்கும் டிராக் ஆயில், ஒவ்வொரு டிராக் டேக்கு முன்பும் நான்கு காலிப்பரிலும் பிளீட் செய்கிறேன், அதாவது பழைய ஆயிலையும் காற்றுக் குமிழியையும் வெளியேற்றிப் புதிதை நிரப்புகிறேன். டாட் 5 என்ற பெயரில் வரும் சிலிக்கான் வகையை இதோடு கலக்கவே கூடாது, டாட் 5.1 வேறு, அது கிளைக்கால் வகைதான். கடைசி லேப்பில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஆற விடுவது, நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, சூடு ஆறியபின் வீல் நட்டை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் சரிபார்ப்பது, இதெல்லாம் இருவருக்கும் பொது.

நண்பர் இப்போது காரை விற்கப் பார்க்கிறார். கிட்டோடு சேர்த்துக் கேட்டால் வாங்க வருகிறவர்கள் ‘ரேஸ் ஓட்டின வண்டி’ என்று விலையைக் குறைக்கிறார்கள். கிட்டைக் கழற்றித் தனியாக விற்கலாம் என்றால் கிட்டைக் காரில் மாட்ட உதவும் அடாப்டர் இந்த மாடலின் ஹப்புக்கு மட்டுமே பொருந்தும்; அவர் அடுத்து வாங்கப்போகும் காருக்கும் ஆகாது. காரோடு வந்த பழைய காலிப்பரை அவர் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். போன வாரம் போன் செய்து, என்னிடம் ஒரு ஜோடி உதிரியாக இருக்கிறதா என்று கேட்டார்.