மருதமலைச் சாலையா, லாலி சாலையா?

கோவையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் தேடும் பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. லாலி சாலையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971-லும், மருதமலைச் சாலையில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகம் 1982-லும் தொடங்கப்பட்டவை.

பயிர்தான் உங்கள் ஆர்வம் என்றால் யோசிக்கவே வேண்டாம், லாலி சாலைதான். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு அவர்களுக்கு நெடுநாள் உறவு. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றில் கண்டறிந்த வெள்ளம் தாங்கும் மரபணுவை நம் கோ 43 நெல் ரகத்தில் சேர்த்தது அந்த உறவின் பலன். இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பயிர் மீண்டும் துளிர்க்கும். டெல்டா உழவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துடனும் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் திட்டத்தில் உருவான பிடி கத்தரி (பூச்சியைத் தாங்க மரபணு மாற்றிய கத்தரி), 2010-ல் மத்திய அரசு விதித்த தடையால் நம் வயலுக்கு வரவில்லை. சேருமுன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இயற்பியல், உயிரித்தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் போன்ற அடிப்படை அறிவியலுக்குப் பாரதியார்தான் என் தேர்வு. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவுடன் இணைந்த உயிர் அறிவியல் மையமும் அந்த வளாகத்தில் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், வழிகாட்டிப் பேராசிரியரின் அண்மைக் கட்டுரைகளில் வெளிநாட்டு இணை ஆசிரியர்கள் யார் என்று முதலில் பாருங்கள்.