ஹப் வேலைக்கு வண்டி விடுகிறீர்களா? பில்லில் இருந்தது வேறு, வீலில் இருந்தது வேறு

வடசென்னையில் மாதவரம், மூலக்கடை, சாத்தாங்காடு, எண்ணூர் விரைவுச் சாலை என்று கண்டெய்னர் வண்டி ஓடும் பாதையெங்கும் ஹப்புக்கு (வீல் நடுவே பேரிங் உட்காரும் பகுதி) கிரீஸ் அடிக்கிற, போல்ட் மாற்றுகிற கடைகள் உண்டு. ஒழுங்காக வேலை செய்கிறவர்களும் அதே வரிசையில்தான் இருக்கிறார்கள். அதனால் எங்களை ஏமாற்றியது எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும், எந்தக் கடையிலும் கண்டுபிடித்துவிடலாம்.

எங்களுடையது 40 அடி டிரெய்லர், மூன்று ஆக்சில். கடைசி ஆக்சில் இடது பக்க ஹப்பை வேலைக்கு விட்டோம். பில்லில் போட்டது: உள் பேரிங், வெளி பேரிங் ‘செட்’, ஆயில் சீல், நட்டோடு 10 வீல் போல்ட், கிரீஸ், கூலி. மொத்தம் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். பிரேக் டிரம்முக்குச் சில்வர் பெயிண்ட் இலவசமாக அடித்துக் கொடுத்தார்கள். அடுத்தடுத்த நடைகளிலேயே, லோடோடு மணலி புதுநகரைத் தாண்டும்போது, அந்தப் பக்க ஜோடி டயர் இரண்டும் கழன்றுவிட்டன. ஒன்று சாலையோரப் பள்ளத்தில் விழுந்தது. இன்னொன்று எதிர்த் தடத்தைக் குறுக்கே கடந்து போய் நின்றது. ரிம்மோடு ஒரு டயர் நூறு கிலோ வட்டாரம் இருக்கும். அந்த நேரத்தில் எதிரே பைக் எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

கடையில் போய்க் கேட்டதும் வந்த பதில்: “ஓவர்லோடு அடிச்சா எந்த போல்ட்டுண்ணே தாங்கும்?” எல்லாக் கடையிலும் இதே பதில்தான் வரும். எடை மேடைச் சீட்டு கையில் இருந்தது, லோடு அளவுக்குள்தான். அதைவிடப் பெரிய சாட்சி, அதே ஆக்சிலின் வலது பக்கம். அதே எடை, அதே ரோடு, யாரும் கை வைக்காத பழைய போல்ட்கள். அங்கே 10 நட்டும் அசையவில்லை.

இப்போது கழன்ற பக்கத்துக்கு வருவோம். உடைந்த போல்ட் துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே போகும் வளைவுக் கோடுகள், ஈர மணலில் அலை விட்டுப்போன வரி மாதிரி, வழவழப்பாக இருக்கும். கடைசியில் ஒரு சின்ன இடம் மட்டும் சொரசொரப்பாக இருக்கும். இது ஒரே அடியில் உடைந்த போல்ட் இல்லை. நட் பிடி தளர்ந்து, ரிம் ஆடி ஆடி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு உடைந்தது. இழுவை தாங்காமல் அறுந்த போல்ட் என்றால் கழுத்து மெலிந்திருக்கும், மரை இடைவெளி அகன்றிருக்கும். ஏர் கன் (காற்றழுத்தத்தில் நட் முறுக்கும் கருவி) போட்டு மிதமிஞ்சி முறுக்கினால் போல்ட் அப்படித்தான் ஆகும். எங்கள் வண்டியில் இரண்டு வகையும் இருந்தன: சில போல்ட்கள் முறுக்கியதில் இழுபட்டவை, சில ஆட்டத்தில் அறுந்தவை. போல்ட் தலையில் பலத்தைக் காட்டும் 10.9 என்ற குத்தும் இல்லை, கம்பெனி அடையாளமும் இல்லை. பில்லில் மட்டும் ‘ஒரிஜினல்’ என்று எழுதியிருந்தது.

ஆனால் ஆரம்பக் காரணம் போல்ட் இல்லை, அந்த இலவசப் பெயிண்ட். இதைப் பலர் நம்புவதில்லை, அதனால் கணக்கோடு சொல்கிறோம். வீல் நிற்பது நட் கழலாமல் இருப்பதால் மட்டுமில்லை. நட்டை முறுக்கும்போது போல்ட் ரப்பர் மாதிரி நீள்கிறது, திரும்பச் சுருங்கப் பார்க்கிறது, அந்த இழுவைதான் ரிம்மை டிரம்மோடு அழுத்திப் பிடிக்கிறது. 22 மி.மீ. போல்ட் சரியாக முறுக்கினால் நீள்வது எவ்வளவு தெரியுமா? மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. டிரம்முக்கும் உள் ரிம்முக்கும் நடுவே ஒரு முகம், உள் ரிம்முக்கும் வெளி ரிம்முக்கும் நடுவே ஒன்று, நட் உட்காரும் இடம் ஒன்று. இந்த மூன்றிலும் தடிமனாகப் பெயிண்ட் இருந்து, ஓடுகிற சூட்டில் நசுங்கி வெளியே பிதுங்கினால், போல்ட்டின் நீட்சி முழுவதும் அதிலேயே போய்விடும். நட் ஒரு டிகிரிகூடச் சுற்றியிருக்காது, ஆனால் பிடி போயிருக்கும். எண்ணூர்ப் பக்கம் உப்புக் காற்றில் ஏறும் துரு ஏடும் இதே வேலையைத்தான் செய்கிறது. ரிம் மாட்டும் முன் மூன்று முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியத் தேய்க்க வேண்டும். பெயிண்ட் வேண்டுமென்றால் மெல்லியதாக, நன்றாகக் காய்ந்த பிறகு. பளபளவென்று டிரம்மோடு வண்டி வெளியே வந்தால் சந்தோஷப்படாதீர்கள், ரிம்மைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள்.

முறுக்குவது அடுத்தது. 10 போல்ட், 22 மி.மீ., வாஷர் சேர்ந்தே வரும் தட்டை நட் என்றால் முறுக்கு விசை பொதுவாக 600 முதல் 700 நியூட்டன் மீட்டர். உருண்டை அடி நட்டுக்கு அதைவிடக் குறைவு. சரியான எண் ஆக்சில் கம்பெனியின் புத்தகத்தில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். ஒரு அங்குல ஏர் கன் 1500-ஐத் தாண்டித் தள்ளும். கடைப் பையன் “டர்ர்ர்” என்று அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் அவன் இறுக்கவில்லை, போல்ட்டைக் கெடுக்கிறான். கன்னை நட் ஓட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, கடைசி முறுக்கை, அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சில்தான் முடிக்க வேண்டும். எதிரெதிர் நட்டாக, இரண்டு மூன்று கட்டமாக; கடைசிக் கட்டம் டயர் தரையில் இறங்கிய பிறகு. ரோட்டில் வேறு வழியில்லாத இடத்தில் ஒரு தோராயக் கணக்கு: ஸ்பேனர் கைப்பிடி நட்டிலிருந்து ஒரு மீட்டர், படுக்கை வசத்தில், நுனியில் 65 கிலோ ஆள் குதிக்காமல் நின்றால் 640 நியூட்டன் மீட்டர் வரும். குதித்தால் எல்லாக் கணக்கும் போச்சு. பைப் சொருகி நீட்டினாலும் அப்படியே.

வேலை முடிந்து 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சில் பார்க்க வேண்டும். ஹப் ஆறியிருக்க வேண்டும். இங்கே துறைமுகத்துக்கு இரண்டு நடை போய் வந்தாலே அந்தத் தூரம் ஆகிவிடும். கடைக்காரர் இதைச் சொல்லவே இல்லை என்பது எங்கள் பெரிய புகார். பெயிண்ட் நசுங்கியது, துரு அமர்ந்தது எல்லாம் இந்த ஒரு சோதனையிலேயே சிக்கியிருக்கும்.

கழல்வது பெரும்பாலும் இடது பின் வீல்தான், அது தற்செயல் இல்லை. வலது மரை (வலப்பக்கம் சுற்றினால் இறுகுவது) போட்ட வண்டியில் இடது வீல் முன்னோக்கிச் சுற்றும் திசை, நட் கழலும் திசை. நம்மைப் போல இடது பக்கம் ஓட்டும் இங்கிலாந்திலும் இதே கதை. சில பழைய வண்டிகளில் இடது பக்கத்துக்கு இடது மரை இருக்கும், போல்ட் முனையில் ‘எல்’ குத்தியிருக்கும். பக்கம் மாற்றி மாட்டிவிடாமல் பாருங்கள். உடைந்த போல்ட் ஒன்று என்றால் அதற்கு இரண்டு பக்கத்தில் உள்ளவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றுக்கு மேல் உடைந்திருந்தால் அந்த வீலில் பத்தையும். ‘மீதி நல்லாத்தான் இருக்கு’ என்பதைக் கேட்காதீர்கள், உடைந்தவை சுமக்காத சுமையை அவைதான் சுமந்திருக்கின்றன.

பேரிங் விஷயம் ஹப்பைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. கோன் (ரோலர்களோடு வரும் உள் வளையம்) மட்டும் புதுசு. கப் (வெளி வளையம்) பழசு, ரோலர் ஓடும் தடத்தில் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. ‘செட்’ என்றால் கோனும் கப்பும் சேர்ந்தது. பழைய கப்பில் புதுக் கோன் ஓடினால் அந்தத் தேய்மானத் தடமே புது ரோலரைத் தின்றுவிடும். கப்பை அடித்து எடுப்பது கஷ்டமான வேலை, அதனால் விட்டுவிடுகிறார்கள். கப் காசு மட்டும் பில்லில் ஏறிவிடுகிறது. கிரீஸிலும் இதே கைவேலை உண்டு. ஹப்புக்கு லித்தியம் வகை வேண்டும். வாளியில் இருக்கும் மலிவான சுண்ணாம்பு வகை சேசிஸ் கிரீஸ் நூறு டிகிரி வட்டாரத்திலேயே உருகி ஓடிவிடும், பிரேக் சூடு அதைச் சுலபமாகத் தொடும். ஹப் உள்ளே கிரீஸைக் கொட்டி நிரப்புவதும் வேலை இல்லை, ரோலர்களுக்கு நடுவே கையால் அழுத்தி ஏற்ற வேண்டும். ஹப் நட்டை, ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு ஆக்சில் கம்பெனி சொன்ன அளவு தளர்த்தி, லாக் போட வேண்டும். ஹப்பின் ஆட்டம் 0.025 முதல் 0.125 மி.மீ.க்குள் என்பது வழக்கமான அளவு, நுண் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜில்தான் தெரியும். நட் சுற்றாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் உள்ள ஆக்சில் என்றால் பின் புதுசாக இருக்க வேண்டும். ஆணியும் கட்டுக்கம்பியும் பின் இல்லை.

டிரைவர் பார்க்க வேண்டியவை சில. நட்டின் அடியிலிருந்து சிவப்புத் துரு கோடாக வடிந்திருந்தால் அந்த நட் ஆடுகிறது. சுத்தியலால் தட்டினால் இறுகிய நட் கணீரென்கும், தளர்ந்தது மந்தமாகச் சொத்தென்கும். நட்டுக்கும் ரிம்முக்கும் குறுக்கே மார்க்கரில் ஒரு கோடு போடலாம், நட்டில் மஞ்சள் அம்புக்குறி மாட்டலாம். ஆனால் இரண்டும் நட் சுற்றியதைத்தான் காட்டும், பெயிண்ட் நசுங்கிப் பிடி போனதைக் காட்டாது. துறைமுக வரிசையில் நிற்கும்போது புறங்கையை ஹப் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடக் கொதித்தால் பேரிங் அல்லது பிரேக். மெதுவாகப் போகையில் டக் டக் சத்தம், கண்ணாடியில் டயர் ஆடுவது தெரிந்தால் ‘துறைமுகம் போய்ப் பார்த்துக்கலாம்’ வேண்டாம்.

கழன்றேவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாக இறங்க விட்டு இடது ஓரம். ஏர் ஹோஸ் அறுந்திருந்தால் ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டி திடீரென்று பிடித்துக்கொள்ளும், அதற்குத் தயாராக இருங்கள். நின்றதும் ஹசார்ட் விளக்கு, முக்கோணத்தைத் தாராளமாகத் தள்ளிப் பின்னால் வையுங்கள். ஓடிப்போன டயர் யார் மேலாவது பட்டதா என்று முதலில் பாருங்கள். உதவிக்கு 112, ஆம்புலன்ஸ் தேவைப்பட்டால் 108, தேசிய நெடுஞ்சாலையானால் 1033. ஆக்சிலைச் சங்கிலியால் தூக்கிக் கட்டி லோடோடு ஓட்டிப் போகிற பழக்கத்தை விடுங்கள்.

அதற்கப்புறம் நிறையப் பேர் கோட்டை விடும் இடம்: உடைந்த போல்ட், நட், கழன்ற ரிம், பழைய கப், பெயிண்ட் அடித்த டிரம் எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். கழற்றும் முன் தேதியோடு படம் எடுங்கள், உடைந்த முகத்தை அழுக்கு துடைக்காமல் பையில் போட்டுக் கட்டுங்கள். அதே கடையில் ‘இலவசமா சரி பண்ணித் தர்றோம்’ என்று அழைத்தால் போகாதீர்கள், போனால் சாட்சியெல்லாம் அங்கேயே மறைந்துவிடும். ஒரு வண்டி வைத்துச் சொந்தப் பிழைப்புக்கு ஓட்டுகிறவர் என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் நுகர்வோர்தான், ‘வணிகம்’ என்று தள்ள முடியாது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம், உதவி எண் 1915. பல வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டும் கம்பெனிகளுக்கு இந்த வழி பொதுவாக இல்லை, அவர்கள் சிவில் வழக்குதான் போட வேண்டும். இன்ஷூரன்ஸில் பேரிங், போல்ட் தேய்ந்து உடைந்ததற்குக் காசு வராது. அதனால் நடந்த விபத்துச் சேதத்துக்குத்தான் கேட்க முடியும்.

கடையில் வண்டி விடும்போதே மூன்று விஷயம் கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள்: ஒன்று, மாற்றிய பழைய சாமான் எல்லாம் திரும்ப வேண்டும், கப் உட்பட; இரண்டு, போல்ட் தலையிலும் பேரிங்கிலும் உள்ள குத்து எண்; மூன்று, கடைசி முறுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர், எந்தத் தேதி, மறு சோதனை எத்தனை கி.மீ.யில். டார்க் ரெஞ்சே இல்லாத கடை மூன்றாவதை எழுதித் தராது. அப்போதே சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.