ஏர் ரைஃபிளா, பாயின்ட் டூ டூவா?

காலடிப்பேட்டைத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, துப்பாக்கி சுடுற போட்டிக்குப் பழக, எடுத்ததுமே 50 மீட்டர்ல ஆரம்பிச்சா என்ன?" ஏர் ரைஃபிள் காற்றழுத்தத்தில் சுடுவது, குறி 10 மீட்டரில். பாயின்ட் டூ டூ (.22) தோட்டா போட்டுச் சுடும் ரைஃபிள், குறி 50 மீட்டரில்.

செலவு: ஏர் ரைஃபிளுக்கு ஈயக் குண்டு, தினம் நூறு சுட்டாலும் கையைக் கடிக்காது. பாயின்ட் டூ டூவில் தோட்டாவை எண்ணி எண்ணித்தான் சுடுவாய்.

லைசென்ஸ்: 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றல் என்றால் ஏர் ரைஃபிளுக்கு வேண்டாம். பாயின்ட் டூ டூவைச் சொந்தமாக வாங்க லைசென்ஸ் வேண்டும். அலைச்சலுக்குத் தயாராக இரு.

குறி: 10 மீட்டரில் பத்து மதிப்பெண் தரும் நடு வட்டம் 0.5 மி.மீ., பேனா வைத்த புள்ளி. 50 மீட்டரில் 10.4 மி.மீ. பெரிதுதானே என்று ஏமாறாதே, நடுவில் காற்று இருக்கிறது. மதியத்துக்கு மேல் ராயபுரம் மாடியில் காயும் லுங்கியைப் பார். கடற்காற்று ஒரு நொடி தூக்கும், மறுநொடி தொங்கவிடும். சுடும் மைதானத்தில் கொடியைப் பார்த்து அதைப் படிக்கவே வருஷங்கள் போகும்.

சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது ஏர் ரைஃபிளில். ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸில் வாங்கியது 50 மீட்டரில்.

பள்ளிப் பிள்ளைக்கும் புதியவருக்கும் ஏர்தான். நிற்கும்போது துப்பாக்கி முனை ஆடாமல் நின்றுவிட்டதா? அப்போது 50 மீட்டருக்கு வா, தம்பி.