வேறு குரூப் உறவினரின் கிட்னியா, பன்றிக் கிட்னியா?

அம்மா ஓ குரூப், கிட்னி கொடுக்க முன்வரும் மகன் ஏ குரூப். டயலிசிஸுக்காக மட்டக்களப்புக்கு வந்துபோகும் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. “அமெரிக்காவில பன்றிக் கிட்னி வைக்கிறாங்களாம், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பமே” என்று யாராவது சொன்னால், பொறுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

வேறு குரூப் கிட்னி, பன்றிக் கிட்னி இரண்டிலும் முதல் தடை ஒரே மாதிரியானது. ஏ, பி என்பவை இரத்தக்குழாயின் உட்சுவரிலும் இருக்கும் சர்க்கரை மூலக்கூறுகள். பன்றியின் குழாய்ச்சுவரில் மனிதரிடம் இல்லாத ‘அல்பா-கால்’ என்ற சர்க்கரை உண்டு. குடல் பக்டீரியாக்களிலும் இவற்றைப் போன்ற சர்க்கரைகள் இருப்பதால், குழந்தைப் பருவத்திலேயே நம் உடல் தன்னிடம் இல்லாத சர்க்கரைகளைத் தாக்கும் புரதங்களை, அதாவது பிறபொருளெதிரிகளை, தயாரித்து வைத்துவிடுகிறது. முன்னேற்பாடு இல்லாமல் பொருத்தினால் அவை குழாய்ச்சுவரைத் தாக்கி, இரத்தம் உறைந்து, சில நிமிடங்களிலோ மணித்தியாலங்களிலோ கிட்னி செத்துவிடும்.

வித்தியாசம் இதற்கு அப்புறம்தான். குரூப் பொருந்தாத மனிதக் கிட்னிக்கு, முதலில் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்து, பிறபொருளெதிரிகள் உருவாகக் காரணமான ‘பி செல்’ என்ற வெள்ளையணுக்களை அடக்குகிறார்கள். பிறகு இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை வடித்து, பிறபொருளெதிரியின் அளவை நன்றாக இறக்குகிறார்கள். முதல் இரண்டு வாரங்கள்தான் கண்டம். அது கழிந்தால், பிறபொருளெதிரிகள் திரும்பி வந்தாலும் கிட்னி பெரும்பாலும் பாதிப்பின்றி வேலை செய்கிறது. உடல் இப்படி இணங்கிப்போவது எனக்கு இன்றும் வியப்புத்தான். ஜப்பானில் 1989 முதல் இந்த முறை நடக்கிறது. இறந்தவர்களின் கிட்னி அங்கே அரிது என்பதால் உறவினரையே நம்ப வேண்டியிருந்தது. பத்தாண்டு தாண்டியும் உழைக்கும் கிட்னிகள் அங்கே நிறைய. செலவும் கிருமித்தொற்று அபாயமும் சாதாரண மாற்றைவிடக் கூடுதல் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பன்றியில் சர்க்கரையை நீக்கினாலும் வேலை முடிவதில்லை. அல்பா-காலோடு இன்னும் இரண்டு சர்க்கரைகளை உருவாக்கும் மரபணுக்களையும் செயலிழக்கச் செய்கிறார்கள். பன்றியின் புரதங்கள் மனித இரத்தம் உறைவதைச் சரியாகக் கட்டுப்படுத்தாததால் மனித மரபணுக்களைச் சேர்க்கிறார்கள். பன்றி வைரஸ்கள் வேறு. 2022இல் பன்றி இதயம் பெற்ற அமெரிக்கர் டேவிட் பென்னட் இரண்டு மாதங்களில் இறந்தார், அந்த இதயத்தில் பன்றி வைரஸ் இருந்தது. அங்கே டவானா லூனி என்ற பெண்ணுக்கு வைத்த பன்றிக் கிட்னி 130 நாட்களில் அகற்றப்பட்டது, டிம் ஆண்ட்ரூஸ் என்பவருக்கு வைத்தது 271 நாட்களில். வேகமான முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் ஆண்டுக் கணக்கு, மறுபக்கம் நாள் கணக்கு.

முஸ்லிம்கள் அதிகம் வாழும் கல்முனை, காத்தான்குடிப் பக்கம் பன்றி என்றதுமே மார்க்கக் கேள்வியும் எழும். அது நியாயமான கேள்வி, உலமாக்களோடு பேசித் தீர்க்க வேண்டியது.

கொடுக்க உறவினர் இருந்தால், இதேபோல் குரூப் பொருந்தாத இன்னொரு குடும்பத்தோடு கிட்னியை மாற்றிக்கொள்ள வழியுண்டா என்று முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். அதில் இந்தத் தடையே குறுக்கே வராது. அது சரிவராவிட்டால், குரூப் தாண்டிய மாற்று பற்றிக் கேளுங்கள்.