பழைய ஷட்டில் பேருந்தை மோட்டார்ஹோம் ஆக்கப் போகிறீர்களா? முதலில் தரையைக் குத்திப் பாருங்கள்

நான் இரண்டு இடத்தில் ஏமாந்தேன். வண்டியை வாங்கியபோது ஒரு தடவை, அதை வீடாக்கக் கொடுத்தபோது இன்னொரு தடவை. இரண்டு தரப்பும் செய்த வேலை ஒன்றுதான்: கெட்டுப்போனதன் மேல் புதிதாக ஒன்றை ஒட்டி மூடினார்கள். நானும் மேலே தெரிந்ததைப் பார்த்து மயங்கிப் பணத்தை எண்ணி வைத்தேன். விவகாரம் இன்னும் முடியாததால் யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

விமான நிலையத்துக்கும் ஓட்டலுக்கும் ட்ரிப் அடித்த 24 இருக்கை வண்டி அது. வேன் சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் தனியாக பாடி கட்டிய ரகம். ஃபோர்டு ஈ-450 போன்ற சேசிஸ்களில் இப்படி நிறைய வரும். உள்ளே நிமிர்ந்து நடக்கலாம், சுவர் ஏறக்குறைய நேராக இருக்கும், சக்கர நாற்காலி ஏற்றும் லிஃப்ட் இருந்த அகலமான கதவு வேறு. வீடாக்க இதைவிடத் தோதான வண்டி குறைவு என்று இன்றைக்கும் சொல்வேன்.

"1,90,000 கிலோமீட்டர்தான் சார் ஓடியிருக்கு, டீசல் எஞ்சினுக்கு இது ஒரு ஓட்டமே இல்ல" என்றார் விற்றவர். மீட்டரிலும் அப்படித்தான் இருந்தது. பொய் இல்லை. ஆனால் ஷட்டில் வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். பயணிகள் ஏறும்வரை ஏசிக்காக எஞ்சினை அணைக்காமல் வைத்திருப்பார்கள். வாங்கி மூன்று மாதம் கழித்து ஒரு மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி, எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டினார்: 14,200. தூரத்தை அதால் வகுத்துப் பாருங்கள், சராசரி வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் சொச்சம்தான் வரும். பாதிக்கு மேல் சும்மா நின்று உறுமிய எஞ்சின். ஒரு மணி நேர ஐட்லிங்கை 40 முதல் 50 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாக மெக்கானிக்குகள் கணக்கிடுவது வழக்கம். அந்தக் கணக்கில் நான் வாங்கியது ஐந்து லட்சம் கிலோமீட்டர் பக்கம் ஓடிய எஞ்சின். சில வண்டிகளில் இந்த மணிக்கணக்கு டாஷ்போர்டு மெனுவிலேயே இருக்கும். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே அப்போது தெரியாது.

டயரிலும் இதே கதை. வெளியே தெரிந்தவற்றைப் பார்த்து ஆறும் புத்தம் புதுசு என்று நினைத்தேன். பின்னால் இரட்டைச் சக்கரம் இல்லையா, வெளிப்பக்கம் இருந்தவைதான் புதிது. உள்பக்கத்து இரண்டும் பழையவை. டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. என்னுடையதில் 2213 என்று இருந்தது, அதாவது 2013-ஆம் ஆண்டின் 22-வது வாரம். அந்த எண் சில சமயம் டயரின் மறுபக்கத்தில்தான் இருக்கும். டார்ச்சோடு கீழே படுத்துப் பார்க்க வேண்டும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனதால் நான் படுக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

படுத்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். அடிப்பாகம் முழுக்கக் கன்னங்கரேலென்று புதிதாகக் கருப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். குனிந்து பார்த்தபோது எனக்கு அது நல்ல பராமரிப்பாகத்தான் தோன்றியது. பழைய வண்டியின் அடியில் புதுக் கருப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு சின்னச் சுத்தியலால் குறுக்குச் சட்டங்களைத் தட்டிப் பார்த்தால் போதும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துரு தின்றது தப்பென்று மந்தமாக ஒலித்து அமுங்கும். என் வண்டியில் பின்னால் இருந்த இரண்டு சட்டங்களில் பூச்சுதான் உருவத்தைப் பிடித்து வைத்திருந்தது. பாடியைச் சேசிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளும் அந்தப் பக்கம்தான்.

சரி, வாங்கியாயிற்று. இனிமேல்தான் பெரிய கதை.

வீடாக்கித் தருகிறோம் என்ற பட்டறையில் எல்லாம் படமாகக் காட்டினார்கள். மர அலமாரி, மஞ்சள் விளக்கு, மடக்குக் கட்டில். மனைவிக்கும் பிடித்துப்போனது. ஒப்பந்தத்தில் "உயர்தர வயரிங்", "உறுதியான தரை", "முழுமையான இன்சுலேஷன்" என்றுதான் எழுதியிருந்தது. எந்தத் தடிமன் கேபிள், என்ன பிளைவுட், எந்த ஃபியூஸ், ஒரு எண்கூடக் கிடையாது. வேலை முடியும் முன்பே எண்பது விழுக்காடு பணம் கட்ட வேண்டும் என்ற வரியில் மட்டும் எண் தெளிவாக இருந்தது. நாலு மாதம் என்றார்கள், பதினொரு மாதம் ஆயிற்று. தாமதத்தைக்கூட மன்னித்துவிடலாம்.

வண்டி வந்து முதல் பெருமழை. மறுநாள் காலையில் சமையல் மேடைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. மரம் சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் அது இரண்டு விரல் ஆயிற்று, இழுப்பறையைத் திறந்தால் தானாக வெளியே உருண்டு வந்தது. மேடை சாய்கிறது! கீழே போட்டிருந்த வினைல் பலகையைப் பெயர்த்தேன். அதற்குக் கீழே புது பிளைவுட். அதையும் அறுத்து எடுத்தேன். அடியில் பேருந்தின் பழைய தரை அப்படியே இருந்தது, கருத்து, ஊறி, புற்றுமண் வாசனையோடு. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை இறங்கியது. வெளியே எடுத்துத் துளை வழியாகக் குனிந்து பார்த்தால் கீழே சரளைக்கல் தெரிகிறது.

லிஃப்ட் கதவின் ஓரம் அது. அந்தக் கதவு வழியாகவும் படிக்கட்டுக் குழி வழியாகவும் வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இருக்கைகளைக் கழற்றிய போல்ட் ஓட்டைகள் வேறு, ஒன்றைக்கூட அடைக்கவில்லை. பேருந்தில் ஒட்டும் கனமான ரப்பர் விரிப்பு மேலே பளபளவென்றே இருக்கும், அடியில் மரம் உமியாகிக் கொண்டிருக்கும். இருக்கைகளைப் பிடுங்கியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. கேட்டதற்கு, "தரையை மாத்துறது உங்க ஒப்பந்தத்துல இல்ல சார்" என்று பதில் வந்தது. சொல்லியிருந்தால் மாற்றச் சொல்லியிருப்பேனே!

ஜன்னலும் அப்படித்தான். கழற்றிச் சுத்தம் செய்து பியூட்டைல் டேப் (தண்ணீர் கசியாமல் ஒட்டும் பட்டை) வைத்து மாட்டுவதாகப் பேச்சு. பழைய ரப்பர் மேலேயே சிலிக்கானைப் பிதுக்கி விட்டிருந்தார்கள். சுவருக்குள் துருவின் மேலேயே இன்சுலேஷனுக்கான ஸ்பிரே ஃபோம் அடித்ததையும் பிற்பாடுதான் கண்டேன். ஃபோம் காய்ந்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

தரை சாய்ந்தது ஒருவிதத்தில் நல்லதாயிற்று. அது சாயாமல் இருந்தால் நான் மின் இணைப்பைப் பார்த்திருக்க மாட்டேன். மேடைக்குப் பின்னால் இருந்த பலகையை அகற்றியபோது இன்வெர்ட்டருக்குப் போகும் கேபிள் மேல் கை பட்டது. இண்டக்ஷன் அடுப்பு பத்து நிமிடம்தான் எரிந்திருக்கும், கேபிள் நன்றாகச் சுட்டது. முனையில் இருந்த லக்கை, அதாவது கேபிளை மாட்டும் உலோகக் கொண்டியை, சுற்றிய சிவப்பு உறை பழுப்பாகிச் சுருங்கியிருந்தது. அந்த லக்கைச் சரியான கருவியால் அழுத்தாமல் சுத்தியலால் நசுக்கியிருந்தார்கள், அடியின் தடமே தெரிந்தது.

கணக்கு எளிதுதான். 3,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் முழு வேகத்தில் ஓடினால் 250 ஆம்பியர், இழப்பையும் சேர்த்தால் 280 பக்கம் போகும். அவர்கள் போட்டது 35 சதுர மில்லிமீட்டர் கேபிள். அதற்கு 300 ஆம்பியர் ஃபியூஸ், அதுவும் இன்வெர்ட்டர் பக்கத்தில். ஃபியூஸ் இருப்பதே கேபிளைக் காப்பாற்றத்தான், பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கேபிள் தாங்குவதற்குள் அறுந்துவிட வேண்டும். இங்கே ஃபியூஸ் போகும் முன் கேபிள் எரியும், கேபிளைச் சுற்றி மரம். லித்தியம் பேட்டரியை ஆல்டர்னேட்டரோடு வெறும் ரிலே வைத்து இணைத்திருந்தார்கள். நடுவில் மின்சாரத்தை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் இல்லாவிட்டால் அந்த பேட்டரி கிடைக்கிற மின்சாரத்தையெல்லாம் இழுக்கும், வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும்.

எனக்கு உண்மையில் கை நடுங்கியது கேஸ் அலமாரியைப் பார்த்துத்தான். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டர் அலமாரியின் அடியில், வண்டிக்கு வெளியே திறக்கும்படி துளை வேண்டும். உள்பக்கம் காற்றுப் புகாமல் அடைத்திருக்க வேண்டும். எங்களுடையதில் அடியில் ஒன்றுமில்லை. மேலே அழகாக வட்டமாக வெட்டி வெள்ளை பிளாஸ்டிக் கிரில் மாட்டியிருந்தார்கள். அது கட்டில் பக்கம் திறந்தது. ஆறு வாரம் அந்தக் கட்டிலில் நாங்கள் தூங்கியிருக்கிறோம்.

கடைசியாக எடை. கதவுத் தூணில் ஒட்டிய தகட்டில் மொத்த எடை 6,577 கிலோ, பின் அச்சுக்கு 4,350 சொச்சம் என்று இருக்கிறது. எடைமேடையில் ஏற்றினால் மொத்தம் 6,480, பின் அச்சு மட்டும் 4,510. தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தபோது, நான் ஒருத்தன் மட்டும் உள்ளே. 300 லிட்டர் தொட்டியைப் பின் அச்சுக்கும் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். நிரப்பினால் 300 கிலோவுக்கும் மேலாகப் பின்னால் அமுக்கி, முன்பக்கத்தைத் தூக்கும். இருக்கைகளைக் கழற்றிய அன்றே வெறும் வண்டியை அச்சு அச்சாக எடை போட்டுச் சீட்டு வாங்கி வைத்திருந்தால் எவ்வளவு மரம் ஏற்றலாம் என்று அப்போதே தெரிந்திருக்கும்.

பதிவைப் பேருந்திலிருந்து மோட்டார்ஹோமாக மாற்றும் வேலையும் இதனால் நின்றுவிட்டது. காப்பீட்டுக்காரர்கள் எடைச் சீட்டு, எரிவாயுச் சான்று, வயரிங் வரைபடம் மூன்றையும் கேட்டார்கள். பட்டறையிடம் வரைபடம் கேட்டேன். "எல்லாம் எங்க ஆளு தலைக்குள்ள இருக்கு" என்றார்கள். அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

இப்போது வண்டி வீட்டுக்குப் பக்கத்தில் தரை பிளந்து நிற்கிறது. பாதித் தரையை நானே எடுத்துவிட்டேன், சட்டங்களை வெல்டர் மாற்றித் தருகிறார். இந்த முறை ஒவ்வொரு கட்டத்திலும் மூடும் முன் நேரில் போய்ப் பார்த்துப் படம் எடுத்த பிறகுதான் பணம். வெல்டர் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் பழகிவிட்டார். பட்டறைக்கு நோட்டீஸ் அனுப்பியாயிற்று, பதில் இல்லை. நேற்று அவர்களுடைய விளம்பரத்தைப் பார்த்தேன். முதல் படமே எங்கள் வண்டிதான். மஞ்சள் விளக்கு, மர அலமாரி, கீழே கண்ணாடி மாதிரி பளபளக்கும் தரை.