ராமமூர்த்தி நகர் போர் தண்ணீரும் ஒரு வாட்டர் சாஃப்ட்னரும்: பத்து மாத அனுபவம்

எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். ஊற்றுத் தண்ணீரைச் சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றிப் பழகியவளுக்கு உப்புத் தண்ணீர் ஒன்றும் புதிதில்லை. ஆனால் எங்கள் ஊர்த் தண்ணீர் வாயில் வைத்ததுமே தன் குணத்தைக் காட்டிவிடும். பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் அப்படியில்லை. குடித்துப் பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும்போதும், கீசர் படுத்துக்கொள்ளும்போதும்தான் தெரியும்.

கீசர் 25 லிட்டர். வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. தண்ணீர் சூடாக அரை மணி நேரம் ஆனது, உள்ளே சோளம் பொரிகிற மாதிரி சத்தம் வேறு. பிளம்பர் தம்பி அடித்தட்டைக் கழற்றிவிட்டு, "அக்கா, ஒரு முறம் கொண்டாங்க" என்றான். எதற்கு முறம் என்று நினைத்தேன். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டதுபோல வெள்ளைச் செதில்கள் கொட்டி முறத்தில் பாதி நிறைந்தது. ஹீட்டிங் காயில் மேல் விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு. துருவைத் தன்மேல் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காப்பாற்ற உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி வைத்திருப்பார்கள். அது தேய்ந்து குடைக்கம்பி போலாகியிருந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் சுண்ணாம்பாகப் பிரிந்து படியும். அதனால்தான் முதல் அடி எப்போதும் கீசருக்கு. குளிர்ந்த தண்ணீர்க் குழாய்களில் மெதுவாகத்தான் படியும், ஆனால் ஷவர் துளையையும் குழாய் முனைச் சல்லடையையும் அதுவும் விடாது.

முதலில் ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு ஒரு ஷவர் ஃபில்டர் வாங்கினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிறகுதான் வீடு முழுக்கப் போகும் தண்ணீருக்குமாகச் சேர்த்து ஒரு சாஃப்ட்னர், அதாவது தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் மெஷின். நகரத்திலேயே இருக்கும் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். 20 லிட்டர் ரெசின் (கடினத்தைப் பிடிக்கும் குட்டி பிளாஸ்டிக் மணிகள்) உள்ள நீளமான சிலிண்டர், பக்கத்தில் உப்புக் கரைசல் தொட்டி, கையால் திருப்பும் வால்வு. பொருத்துக்கூலியோடு 31,000 ரூபாய். ஆட்டோமேட்டிக் மாடலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள், எனக்கு மனம் வரவில்லை.

பொருத்திய அன்று ஒரு கூத்து. தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் என்னிடம் இருந்தது. மெஷினுக்கு முன்னால் 780, பின்னால் 790. "மெஷினே வேலை செய்யலையே!" என்று கத்திவிட்டேன். அது என் தப்பு. சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, மாற்றுகிறது. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. மொத்தக் கணக்கு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று, அதாவது கடினத்தன்மையைப் பார்க்கச் சொட்டு மருந்து கிட் வேண்டும். தண்ணீரில் பொடியைப் போட்டால் திராட்சை ரச நிறம், இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு வரும்போது ஒரு கட்டத்தில் சட்டென்று நீலமாகும். எங்கள் கிட்டில் ஒரு சொட்டுக்கு 25 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 25 மில்லிகிராம். மெஷினுக்கு முன்னால் 12 சொட்டு, அதாவது 300. பின்னால் பொடி போட்டதுமே நீலம். (அந்த ஷவர் ஃபில்டரையும் இப்படிச் சோதித்தேன். முன்னும் 12, பின்னும் 12.)

மூன்று மாதம் நிம்மதி. சோப்பு நுரைத்தது, ஸ்டீல் குழாய்கள் பளபளவென்றே இருந்தன. அத்தைக்கு மட்டும் பிடிக்கவில்லை. "எவ்வளவு ஊத்தினாலும் வழவழன்னே இருக்கு, சோப்பு போகவே மாட்டேங்குது" என்று ஒரு வாரம் புலம்பினார். சோப்பு போய்விடும், கடினம் நீங்கிய தண்ணீரின் குணமே அந்த வழவழப்பு. பழகிவிட்டார்.

ஏப்ரலில் திரும்பவும் குழாயில் வெள்ளை. பில்லில் "ஒருமுறை ரீஜெனரேஷன் செய்தால் 3,000 லிட்டர்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ரீஜெனரேஷன் என்றால் உப்புக் கரைசலால் ரெசினைக் கழுவி மறுபடி வேலைக்குத் தயார் செய்வது. கிட்டை எடுத்து போர் தண்ணீரைச் சோதித்தால் 22 சொட்டு, 550. எப்படி? யோசித்ததில்தான் பிடிபட்டது. ஜனவரியில் அவர்கள் சோதித்தது எங்கள் சம்ப்பில் இருந்த தண்ணீரை. முதல் நாள் இரவுதான் குழாயில் விடும், கடினம் குறைந்த காவேரித் தண்ணீர் வந்து பாதி சம்ப் நிறைந்திருந்தது. கலப்படத் தண்ணீரை அளந்து மெஷினை விற்றிருக்கிறார்கள். "கோடையில் எப்படி இருக்கும், காவேரி வராத நாளில் எப்படி?" என்று அந்த மனிதர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 2024 கோடையில் போர் வற்றி டேங்கருக்குக் காத்திருந்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு டேங்கர் தண்ணீரும் ஒவ்வொரு மாதிரி சோப்பை வெட்டியது.

கணக்கு இவ்வளவுதான். ஒரு லிட்டர் ரெசின் சுமாராக 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும். 20 லிட்டர் என்றால் ஒரு கிலோ. 300 பிபிஎம் தண்ணீரில் அது 3,300 லிட்டர் வரை தாங்கும், 550 என்றால் 1,800-தான். மாடியில் குடியிருப்பவர்களோடு ஏழு பேர், நாளைக்கு 900 லிட்டருக்கு மேல் ஆகிறது. இரண்டு நாளில் ரெசின் காலி. போன் செய்தால், "மேடம், நீங்க பெரிய மாடல் எடுத்திருக்கணும்" என்றார்கள். சரி.

பெரிய மாடலுக்குப் பதில், பிளம்பர் தம்பியை விட்டு டாய்லெட் ஃப்ளஷ், வாசல் குழாய், செடிகளுக்கான குழாய் மூன்றையும் பழைய தண்ணீர் லைனுக்கே திருப்பினேன். இப்போது நாளைக்கு 550 லிட்டர்தான் மெஷின் வழியாகப் போகிறது. மூன்று நாளைக்கு ஒருமுறை மூன்று கிலோ கல் உப்பு, அயோடின் கலக்காதது. மாதம் 30 கிலோ. மூட்டையைத் தூக்கிவரும் வேலை என் வீட்டுக்காரருடையது, முணுமுணுப்பும் அவருடையதே.

விற்பவர்கள் சொல்லாத இன்னொன்று. ஒவ்வொரு முறையும் ரெசினைக் கழுவப் பத்துப் பன்னிரண்டு பக்கெட் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. காசு கொடுத்து டேங்கர் வாங்கியவளுக்கு இது வயிற்றெரிச்சல். வீணாக்குவானேன் என்று முதல் மாதம் அதைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினேன். பத்து நாளில் இலையெல்லாம் ஓரம் கருகி உதிர்ந்தது. ஆறு வருடச் செடி. அது உப்புக் கரைசல் என்று தெரிந்தும் ஏன் ஊற்றினேன் என்று எனக்கே புரியவில்லை.

அத்தைக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதால் இதையும் பார்த்தேன். 550 கடினத்தை மாற்றும்போது லிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராம் சோடியம் கூடுகிறது. அதனால் குடிக்கவும் சமைக்கவும் ஆர்ஓ தண்ணீர்தான். அது சோடியத்தில் பெரும்பகுதியை வடிகட்டிவிடும். பருப்பும் இப்போது இரண்டு விசிலில் குழைகிறது. குடிநீருக்கான இந்தியத் தரப்படி கடினத்தன்மை 200 வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. ஆக எங்கள் போர் தண்ணீர் அந்தக் கணக்கில் பாஸ்தான், கீசருக்குத்தான் அது தெரியவில்லை.

எதிர்வீட்டில் குழாயில் காந்தம் மாட்டியிருக்கிறார்கள். அது எதையும் எடுக்காது, படியாமல் தடுக்கும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் வீட்டு ஷவரைப் பார்த்த பிறகு நான் அதைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

போன வாரம் புது கீசரைத் திறந்து பார்க்கச் சொன்னேன். காயிலில் பவுடர் பூசியது போல மெல்லிய படலம், விரலால் தேய்த்தாலே வந்தது. கம்பியும் தடிமனாகவே இருக்கிறது. மெஷின் தன் வேலையைச் செய்கிறது, அதில் எனக்குக் குறையில்லை. வருடப் பராமரிப்புக்கு 4,500 கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் சொட்டு எண்ணிக் காலண்டரில் குறித்துவிடுகிறாள். யாராவது வாங்குவதாக இருந்தால் பில்லில் எத்தனை லிட்டர் ரெசின் என்று எழுதச் சொல்லுங்கள், சம்ப்பில் காவேரித் தண்ணீர் இல்லாத நாளாகப் பார்த்து அவர்களை வரச்சொல்லுங்கள்.