வாஃபிள் மெஷினும் பச்சை விளக்கும்

போன வாரம் குடியாத்தத்துலேர்ந்து தங்கச்சி போன் பண்ணினா. "அண்ணா, உங்க வீட்ல கீதே அந்த வாஃபிள் மெஷினு, ஆன்லைன்ல எழுநூறு ரூபா கொறச்சிகிறாங்கோ. நானும் ஒண்ணு வாங்கட்டா?" அன்னைக்குச் சாயங்காலம்தான் நான் அதே மெஷினை ரிப்பேர் கடையிலேர்ந்து தூக்கிட்டு வந்திருந்தேன். இருந்த கடுப்புல "வேலைக்காவாது, வுடு"ன்னு போனை வெச்சுட்டேன். அவளுக்கு அது நியாயமான பதில் இல்லை. அதான் உக்காந்து எழுதறேன்.

வாஃபிள்னா ரெண்டு சூடான தகட்டுக்கு நடுவுல மாவை ஊத்திக் கட்டம் கட்டமா சுடற பலகாரம். என் மெஷின் 750 வாட்ஸ், ஒரு தடவைக்கு ரெண்டு சதுரம், நான்ஸ்டிக், தகட்டைத் தனியா கழட்ட முடியாது. மத்ததெல்லாம் பெட்டி மேலேயே போட்டிருக்கும். மூணு வருஷமா எனக்கு இருக்கற ஒரே தகராறு அதோட பச்சை விளக்கோடதான்.

எங்க வேலூரைப் பத்திக் கேலியா ஒண்ணு சொல்லுவாங்க: ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில். சாமி 1981லேயே கோட்டைக்குள்ள இருக்கற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துட்டார். பட்டியல்ல காலியான அந்த இடத்துக்கு, அர்த்தம் இல்லாத இந்தப் பச்சை விளக்கைச் சேத்துக்கலாம்.

கூட வந்த சின்னப் புத்தகத்துல, விளக்கு எரிஞ்சா வாஃபிள் தயார்னு போட்டிருக்கு. நம்பினேன். பொண்ணு பிறந்தநாள், வீடு நிறைய பசங்க. மாவு ஊத்தி மூடினேன், மூணாவது நிமிஷம் பச்சை எரிஞ்சுது, திறந்தேன். சர்ருனு ஒரு சத்தம். வாஃபிள் நடுவுல ரெண்டாப் பிளந்து, பாதி மேல் தகட்டோட போயிடுச்சு, பாதி கீழே உக்காந்திருக்கு. நடுவுல வேகாத மாவு நூல் நூலா தொங்குது. ஒரு பையன் எட்டிப் பாத்துட்டு, "அங்கிள், இது ஸ்பைடர் வலையா?"ன்னான்.

அந்த விளக்கு பாக்கறது தகட்டோட சூட்டை மட்டும்தான்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது. ஜில்லுன்னு மாவு விழுந்ததும் தகடு சூடு குறையும், விளக்கு அணையும், காயில் திரும்ப சூடேறும், விட்ட சூட்டைப் பிடிச்சதும் விளக்கு எரியும். உள்ளே மாவு வெந்துச்சா வேகலையான்னு அதுக்கு எதுவும் தெரியாது. பாக்க வேண்டியது ஆவியை. மூடினதும் பக்கவாட்டுல புசுபுசுன்னு கிளம்பும், இட்லிப் பானை மாதிரி. அது அடங்கி இன்னும் ஒரு அரை நிமிஷம் போகட்டும். அப்புறம் மூடியை ரெண்டு விரலால லேசா தூக்கிப் பாருங்க. பிடிச்சு இழுத்தா வம்பு பண்ணாம விட்டுடுங்க. என் மெஷின்ல இது அஞ்சரை நிமிஷம். பச்சை சொல்ற கணக்கைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு!

ஒட்டினா ஒட்டினதுதான். குழிக்குக் குழி மூலையில உக்காந்துக்கும், பழைய பிரஷ்ஷும் சோடா உப்பும் வெச்சு ஒரு மணி நேரம். எண்ணெய் ஸ்பிரே அடிச்சும் பாத்தேன். நாலு வாரத்துல தகடு பூரா பிசுக்குன்னு பழுப்பா ஒரு படலம், அது இன்னும் மோசமா ஒட்டுது. இதுல வெக்கக்கேடு என்னன்னா, எனக்கு மேல்விஷாரம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில சோல் பிரிவுல வேலை. மோல்டுல ரிலீஸ் (ஒட்டாம இருக்க அடிக்கறது) அடிக்காம பியு, அதாவது பாலியூரித்தேன், ஊத்தினா என்ன ஆகும்னு புதுசா வர பசங்களுக்குச் சொல்லித் தர ஆள் நான். அப்போ நான் சொல்ற கதையே வாஃபிள் கதைதான். அமெரிக்காவுல ஓரிகன் பல்கலைக்கழகத்துல ஓட்டக்காரங்களுக்குக் கோச்சா இருந்தவர் பில் பவர்மேன், நைக்கியை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர். 1970களோட ஆரம்பத்துல, கட்டம் போட்ட சோல் செய்யலாம்னு வீட்டம்மாவோட வாஃபிள் இரும்புல யூரித்தேனை ஊத்தினார். ஒட்டாம இருக்க எதுவும் தடவ மறந்துட்டார். மெஷின் அப்படியே மூடிக்கிச்சு. அந்த சோலுக்கு 1974ல காப்புரிமை வாங்கினது வேற விஷயம். அந்தம்மா மூஞ்சி அப்போ எப்படி இருந்திருக்கும்னு, பொண்ணு பிறந்தநாள் அன்னைக்கு எங்க வீட்டம்மாவைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

வெளியில தடவறதை விட மாவுக்குள்ளேயே வெண்ணெய் இருக்கணும். ஒன்றரை கப் மைதா, கால் கப் கார்ன்ஃப்ளார், ரெண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை, துளி உப்பு, முட்டை ரெண்டு, ஒண்ணேகால் கப் பால், உருக்கின வெண்ணெய் 75 கிராம். கட்டி கிட்டி இருந்தா இருக்கட்டும், போட்டுக் கலக்கிட்டே இருந்தா ரப்பராயிடும். இன்னொண்ணு, வெந்ததைத் தட்டுல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க. அடியில ஆவி தங்கி ரெண்டு நிமிஷத்துல நமத்துப்போகும். கடையில கம்பி ஸ்டாண்டு விக்கறாங்க. எங்க வீட்டுல அம்மாவோட பிரம்பு இடியாப்பத் தட்டுதான். கீழே காத்து போகுது, மொறுமொறுப்பு நிக்குது.

இனிமே கொஞ்சம் நல்லதும் சொல்லணும், ஏன்னா பழச் சாஸ் மட்டும் இல்லைன்னா இந்த மெஷின் எப்பவோ பரண் ஏறியிருக்கும். மே மாசம் பங்கனப்பள்ளி. ரெண்டு பழத்துல ஒண்ணை அரைச்சு, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு அஞ்சு நிமிஷம் சின்னத் தீயில விடுங்க. மேல கொப்புளம் கொப்புளமா வெடிக்கும்போது இறக்கி அரை மூடி எலுமிச்சை பிழியணும். இன்னொரு பழத்தைப் பொடியா நறுக்கி, அடுப்பை அணைச்சதுக்கு அப்புறம்தான் போடணும். கரண்டியில எடுத்தா குழம்பு மாதிரி விழணும், கூழ் மாதிரி இல்லை. சூடான வாஃபிள் குழியில அது போய் நிறையும், ஓரத்துல மட்டும் மொறுமொறுப்பு மிச்சம் இருக்கும். அந்த ஒரு வாய்க்குப் பச்சை விளக்கை மன்னிக்கலாம் போலத் தோணும். நாவப்பழத்துலேயும் பண்ணியிருக்கேன், கொட்டை எடுத்தே கை ஊதாவாயிடும். ஜவ்வாது மலை சீத்தாப்பழம் வரும்போது அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீங்க, சுட்டா கசக்கும். கொட்டை நீக்கிப் பால்ல மசிச்சு அப்படியே ஊத்துங்க.

அம்மா இதுக்கு ஜன்னல் தோசைன்னு பேர் வெச்சுட்டாங்க. புளிச்ச இட்லி மாவுல ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு ஊத்தினா நல்லா வருதுன்னு கண்டுபிடிச்சதும் அவங்கதான். "இன்னாடா வெளக்கப் பாத்துகினு நிக்கற? வாசன வருதா பாருடா"ன்னாங்க. மூணு வருஷத்துல நான் கத்துக்கிட்டதை அவங்க முதல் நாளே சொன்னாங்க.

ரிப்பேருக்கு வரேன். ஒரு நாள் சுத்தமா உயிர் போயிடுச்சு. சர்வீஸ் சென்டர்ல புதுசு வாங்கிக்கோங்கன்னுட்டாங்க. கடைத்தெருவுல ஒரு சின்னக் கடைக்காரர் பிரிச்சு, சூடு ஓவரானா கரண்டை நிறுத்தற தெர்மல் ஃபியூஸ் போயிருக்குன்னு காட்டினார். சின்னதா ஒண்ணு, அவ்வளவுதான். சால்டர் வெச்சா, அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டினா, அந்தச் சூட்டுலேயே ஃபியூஸ் போயிடும்னு, குழாய் மாதிரி ஒண்ணுல ஒயரை விட்டு நசுக்கித்தான் மாட்டினார். மொத்தம் 180 ரூபா. பிளக்கைச் சொருகினார், ரெண்டு நிமிஷம் பாத்தார், பெருமையா திரும்பி, "பச்ச வந்துட்ச்சி சார், ரெடி!"ன்னார். என்னத்தைச் சொல்ல.

நேத்து ராத்திரி தங்கச்சிக்கு மெசேஜ் போட்டேன்: "வாங்காத. ஞாயித்துக்கெழம பசங்களக் கூட்டினு இங்க வந்துடு. பெரிய பழமா நாலு எடுத்துனு வா. அப்படியே உங்க வீட்டு இடியாப்பத் தட்டும். இங்க ரெண்டுதான் இருக்குது."